திகில் நகைச்சுவைப் படமும் பகடிப் படமும் ஒன்றுதானா?

பேய்ப்படங்களைக் கேலி செய்யும் பகடிப் படத்துக்கும் திகில் நகைச்சுவைப் படத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் பேய் வருகிறது, இரண்டிலும் சிரிக்கிறோம் என்பதால் ஒன்றுபோலத் தோன்றுவது இயல்புதான். ஆனால் கதைக்குள் இருக்கும் ஆபத்து மெய்யானதா என்று பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

திகில் நகைச்சுவையில் பேய் உண்மையாகவே கொல்லும். அபாட், காஸ்டெல்லோ என்ற நகைச்சுவை இணையர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற கற்பனை விஞ்ஞானி உருவாக்கிய அரக்கனைச் சந்திக்கும் 1948ஆம் ஆண்டுப் படத்தில், இரத்தம் குடிக்கும் டிராகுலாவாக வரும் நடிகர் பெலா லுகோசி 1931இல் அதே வேடத்தில் காட்டிய மிடுக்கைச் சற்றும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் அப்படி நிற்பதால்தான் எதிரே நடுங்கும் காஸ்டெல்லோ நம்மைச் சிரிக்க வைக்கிறார். 2004இல் எட்கர் ரைட் இயக்கிய 'ஷான் ஆஃப் தி டெட்' படத்தில், தெருவெங்கும் பிணங்கள் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டதைக் கவனிக்காமலேயே நாயகன் தூக்கக் கலக்கத்தில் கடைக்குப் போய்த் திரும்புகிறான். அங்கே வயிறு வலிக்கச் சிரித்த நாம், பிற்பகுதியில் கடிபட்ட தாயைத் தன் கையாலேயே அவன் சுட வேண்டிய இடத்தில் வாயடைத்துப் போகிறோம். அந்த மரணம் வலிக்கவில்லை என்றால் அது திகில் நகைச்சுவையே அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

பகடிப் படத்தின் சிரிப்பு, நாம் ஏற்கெனவே பார்த்த படங்களின் நினைவிலிருந்து வருகிறது. 2000இல் வந்த 'ஸ்கேரி மூவி', 1996ஆம் ஆண்டின் 'ஸ்க்ரீம்' படத்தைக் காட்சிக்குக் காட்சி சீண்டுகிறது. மூலத்தைப் பார்க்காதவருக்குப் பாதிச் சிரிப்பு கிடைக்காது. அக்காலத்தில் பலரும் அறிந்திருந்த ஒரு விளம்பரத்தை நகலெடுத்த காட்சி அதில் உண்டு. அந்த விளம்பரம் மறக்கப்பட மறக்கப்பட, அக்காட்சியும் மங்கிக்கொண்டே வருகிறது.

பகடி என்றால் அற்ப ஆயுள்தான் என்று இதனால் முடிவு கட்டிவிட வேண்டாம். மெல் புரூக்ஸ் 1974இல் எடுத்த 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' எனக்கு மிகவும் பிடித்த படம். பழைய ஃபிராங்கன்ஸ்டைன் படங்களின் தோற்றம் அப்படியே அமைய வேண்டும் என்பதற்காகக் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார். 1931ஆம் ஆண்டின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்துக்காகக் கென்னத் ஸ்டிரிக்ஃபேடன் உருவாக்கிய ஆய்வுக்கூடக் கருவிகளையே தேடிப் பெற்று மீண்டும் இயங்க வைத்தார். மூலத்தின் மீது தீராத அன்பு இல்லாதவர் இவ்வளவு பாடுபட மாட்டார்.

புரூக்ஸின் படத்தில் பார்வையற்ற துறவி ஒருவர் அரக்கனுக்கு விருந்து வைக்கிறார். கொதிக்கும் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றாமல் அவன் மடியில் ஊற்றிவிடுகிறார். அதைக் கண்டு நான் சிரித்துத் தீர்த்தேன். பின்னர்தான் அதன் மூலமான 1935ஆம் ஆண்டின் 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தைப் பார்த்தேன். எல்லோரும் அஞ்சி விரட்டிய அரக்கனுக்கு அங்கே அந்த முதியவர் உணவளித்து, 'நண்பன்' என்ற சொல்லைக் கற்றுத் தருகிறார். என் கண்கள் கலங்கிவிட்டன. மறுபடியும் புரூக்ஸின் படத்துக்கு வந்தபோது சூப் சிந்தும் இடத்தில் சிரிப்பு முன்போலவே வந்தது. ஆனால் இம்முறை அரக்கனின் அலறல் எனக்குத் தனியாகக் கேட்டது. நீங்கள் 1935ஆம் ஆண்டுப் படத்தை முதலில் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்.