வாசகர் கேள்வி – பதில்: தீர்மானம் போட்டால் போதுமா?

கேள்வி: ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஒரு நாடு வீட்டோ (தீர்மானத்தைத் தடுக்கும் வாக்கு) போட்டுவிட்டால் அத்தோடு விஷயம் முடிந்ததா?

பதில்: அந்தச் சபையைப் பொறுத்தவரை முடிந்தது. தீர்மானம் நிறைவேற 15 உறுப்பினர்களில் 9 பேர் ஆதரிக்க வேண்டும். நிரந்தர உறுப்பினர்களான அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவற்றில் ஒன்றுகூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டால் அது வீட்டோ ஆகாது. எதை விவாதிக்கலாம் என்பது போன்ற நடைமுறை விஷயங்களிலும் வீட்டோ செல்லாது. சபை முடங்கிப்போனால், 1950ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி, எல்லா உறுப்பு நாடுகளும் இடம்பெறும் பொதுச் சபை 24 மணி நேரத்துக்குள் அவசரமாகக் கூடலாம். வீட்டோ விழுந்தால் 10 வேலை நாட்களுக்குள் பொதுச் சபை கூடி அதை விவாதிக்க வேண்டும் என்ற விதியும் 2022 ஏப்ரலில் வந்தது. ஆனால் பொதுச் சபை சொல்வது பரிந்துரைதான். பொருளாதாரத் தடையைக் கட்டாயமாக்க அதற்கு அதிகாரம் இல்லை. வீட்டோவையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அதற்கு ஐ.நா. சாசனத்தைத் திருத்த வேண்டும். அந்த ஐவரும் ஒப்புதல் தர வேண்டும். நடக்கிற காரியமா?

கேள்வி: கொள்ளைநோய் கிளம்பும்போது உலக சுகாதார நிறுவனம் நேரில் போய்த் தடுக்கக் கூடாதா? எச்சரிக்கை ஏன் தாமதமாகிறது?

பதில்: அழைப்பில்லாமல் ஒரு நாட்டுக்குள் நுழைய அதற்கு உரிமை கிடையாது. கையில் இருப்பது 2007இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிகள். சந்தேகத்துக்குரிய நோய் தென்பட்டால் அந்த நாட்டு அரசு நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்க வேண்டும்: பொது சுகாதாரத்தில் பாதிப்பு கடுமையானதா? வழக்கத்துக்கு மாறானதா, எதிர்பாராததா? எல்லை தாண்டிப் பரவும் ஆபத்து கணிசமாக உள்ளதா? பயணத்துக்கோ வணிகத்துக்கோ தடை வரும் ஆபத்து உள்ளதா? ஏதேனும் இரண்டுக்கு ‘ஆம்’ என்றால், மதிப்பிட்டு முடித்த 24 மணி நேரத்துக்குள் தகவல் போய்ச் சேர வேண்டும். சார்ஸ், பெரியம்மை, இயற்கையாகப் பரவும் போலியோ, மனிதருக்கு வரும் புதுவகை இன்ஃப்ளூயன்சா ஆகிய நான்குக்கு இந்தக் கணக்கே வேண்டாம். ஒரே ஒரு நோயாளி போதும்.

அதன்பின் நிபுணர் குழு கூடி ஆலோசனை சொல்லும். முடிவெடுப்பவர் தலைமை இயக்குநர். கோவிட் விஷயத்தில் 2020 ஜனவரி 22, 23 தேதிகளில் கூடிய குழு, அவசரநிலை அறிவிக்கலாமா என்பதில் இரண்டாகப் பிரிந்து நின்றது. 30ஆம் தேதிதான் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அன்றைய விதிகளில் ‘அவசரநிலை உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டுக்கும் நடுவே வேறு படி எதுவும் இல்லாததும் ஒரு சிக்கல்.

ஆனால் என்னைக் கேட்டால், பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. உண்மையைச் சொல்கிற நாடுதான் அடி வாங்குகிறது. 2021 நவம்பரில் ஓமிக்ரான் பற்றித் தென்னாப்பிரிக்கா வெளிப்படையாகச் சொன்ன கையோடு பல நாடுகள் அங்கிருந்து வரும் விமானங்களை நிறுத்தின. பயணிகளை அனுமதிக்க மறுத்தாலோ 24 மணி நேரத்துக்கு மேல் தாமதப்படுத்தினாலோ, நிறுவனத்தின் பரிந்துரையைத் தாண்டிப் போகும் நாடு 48 மணி நேரத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. சொல்லாவிட்டால்? தண்டனை எதுவும் இல்லை. அடுத்த முறை எந்த சுகாதார அமைச்சர் முந்திக்கொண்டு வாய் திறப்பார்?

கேள்வி: ஓசோன் பிரச்சினையைச் சமாளித்த உலகம் பருவநிலை விஷயத்தில் ஏன் தடுமாறுகிறது?

பதில்: 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கட்டமைப்பு கெட்டிக்காரத்தனமானது. ஓசோன் படலத்தை அரிக்கும் ரசாயனங்களை, சேராத நாட்டிடம் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. வெளியே நின்றால் நஷ்டம். வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம் கிடைத்தது. ஆலைகளை மாற்றும் கூடுதல் செலவுக்குப் பின்னர் தனி நிதியும் ஏற்படுத்தப்பட்டது. ஏற்கெனவே பட்டியலில் உள்ள ரசாயனத்துக்குக் கெடுவை இறுக்க வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு போதும். ஒவ்வொரு நாடாளுமன்றத்திலும் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. கண்காணிப்பும் உண்டு: அந்த ரசாயனங்களில் ஒன்றான சிஎஃப்சி-11 காற்றில் குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை என்பது 2018இல் அளவீடுகளில் பிடிபட்டது. புதிய உமிழ்வில் கணிசமான பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருவது தெரியவந்தது. பிறகு அது குறைந்தது.

2015இன் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் உமிழ்வைக் குறைக்கும் இலக்கை ஒவ்வொரு நாடும் தானே வைத்துக்கொள்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது கடமை. எட்டாவிட்டால் அபராதம் இல்லை. பருவநிலை மாநாடுகளில் வாக்கெடுப்பு விதியை 1995 முதல் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஆகவே எல்லாம் ஒருமித்த கருத்தால்தான். பிடிவாதமான சில நாடுகள் போதும், வாசகம் நீர்த்துப்போகும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சிஎஃப்சியைத் தயாரித்தவை சில கம்பெனிகள், மாற்றுப் பொருளும் கிடைத்தது. கரியமில வாயு வராத தொழிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: சந்தா கட்டாத நாட்டை ஐ.நா. என்ன செய்யும்?

பதில்: பாக்கித் தொகை முந்தைய இரண்டு முழு ஆண்டுகளின் சந்தாவை எட்டினால் பொதுச் சபையில் வாக்கு போகும். பாதுகாப்பு சபைக்கு இது பொருந்தாது; பாக்கிதாரரின் வீட்டோ பத்திரமாக இருக்கும்.

கேள்வி: ‘ஐ.நா. தீர்மானம் நிறைவேற்றியது’ என்ற செய்தியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில், எந்தச் சபை என்று பாருங்கள். பாதுகாப்பு சபை என்றால், சாசனத்தின் ஏழாம் அத்தியாயம் குறிப்பிடப்பட்டுள்ளதா, வாசகம் ‘முடிவு செய்கிறது’ என்கிறதா, ‘கேட்டுக்கொள்கிறது’ என்கிறதா என்று பாருங்கள். முதல் வகை உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும். இரண்டாவது பெரும்பாலும் வேண்டுகோள். அடுத்து, பணம் எங்கிருந்து வருகிறது? உலக உணவுத் திட்டம் முழுக்க முழுக்க நன்கொடையில் ஓடுகிறது; வாக்குறுதி தந்த நாடு பின்வாங்கினால் முகாம்களில் ரேஷன் குறையும். அமைதிப்படை பற்றிய செய்தி என்றால், எத்தனை வீரர்களுக்கு, எவ்வளவு காலத்துக்கு அனுமதி என்பதைத் தேடுங்கள். ஐ.நா.வுக்குச் சொந்தப் படை கிடையாது. உறுப்பு நாடுகள் ஆள் அனுப்பினால்தான் அந்த எண்ணிக்கை நிரம்பும்.