ஐடிலில் வோல்ட் குறைகிறதா? பைக் பேட்டரி கேள்வி-பதில்

பேட்டரி சார்ஜிங் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பலரும் கடைசியில் கேட்டிருப்பது ஒன்றுதான்: "புது பேட்டரி போட்டுவிடலாமா?" கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். பேட்டரி விலையில் அது ஒரு சிறு பங்குதான்.

என்னுடையது 2019 கிளாசிக் 350. ஹேண்டில்பாரில் வோல்ட் மீட்டர் மாட்டியிருக்கிறேன். ஓடும்போது 14.1 காட்டுகிறது, சிக்னலில் நின்றால் 12.9. சார்ஜ் ஏறவில்லையா?

உங்கள் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. பைக்கில் மின்சாரம் தருவது மேக்னட்டும் காயிலும். மேக்னட் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவுதான் காயிலிலிருந்து கிடைக்கும். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, அது நிமிடத்துக்குச் சுமார் ஆயிரம் சுற்றுதான் சுற்றுகிறது. ஆனால் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. 2017 ஏப்ரலிலிருந்து வரும் வண்டிகளில் அதை அணைக்க சுவிட்சே கிடையாது. 55 வாட் பல்புக்கு மட்டும் நாலரை ஆம்பியர் போய்விடும். அதற்கு மேல் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் சேர்ந்தால் வோல்ட் இறங்கத்தான் செய்யும். ஆக்சிலேட்டரை முறுக்கியதும் 14 தாண்டுகிறது அல்லவா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஹேண்டில்பார் மீட்டரை ரொம்ப நம்பாதீர்கள். அது எந்த ஒயரிலிருந்து சப்ளை எடுக்கிறதோ, அந்த ஒயரின் இழப்பையும் சேர்த்துக் காட்டும். பேட்டரி டெர்மினலில் வைத்து அளப்பதே சரியான அளவு.

150 சிசி பைக். மூன்று மாதத்துக்கு முன்புதான் பேட்டரி மாற்றினேன். ஐடிலில் 12.3, நன்றாக முறுக்கினாலும் 12.4 தான். மறுபடி செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி டூப்ளிகேட்டா?

இது உண்மையான கோளாறு. முறுக்கியும் வோல்ட் ஏறவில்லை என்றால் சார்ஜ் வரவே இல்லை. பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், அது பட்டினி கிடக்கிறது.

முதலில் பேட்டரியை வெளி சார்ஜரில் போட்டு முழுசாக ஏற்றுங்கள். 9 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 1 ஆம்பியருக்குள் போதும். கார் சார்ஜர் வேண்டாம். ஒரு ராத்திரி சும்மா விட்டுக் காலையில் அளந்தால் 12.6க்கு மேல் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. ஏற்றியும் நிற்கவில்லை என்றால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, காயில் தரும் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி, வோல்ட்டை அளவோடு வைப்பது ரெகுலேட்டர். காயிலிலிருந்து அதற்குப் போகும் ஒயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் மஞ்சள் ஒயர் மூன்று இருக்கும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை நானே ஒருவருக்கு ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்ற வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை சீட்டைக் கழற்றி அந்தக் கப்ளரைப் பிரித்தபோது, உள்ளே ஒரு பின் பச்சை பூத்திருந்தது, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருகிக் கரும்பழுப்பாக இருந்தது. புதுப் பின் போட்டதும் வோல்ட் 14.2க்கு ஏறிவிட்டது. இரண்டு பேட்டரிக்கு அவர் கொடுத்த காசு இன்றும் என் மனதை உறுத்துகிறது. கடற்கரை ஊர்க்காரர்களும் பிரஷர் வாட்டர் வாஷ் செய்பவர்களும் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கப்ளர் நன்றாக இருந்தால் காயிலைச் சோதியுங்கள். இன்ஜின் ஆஃபில் இருக்கட்டும். மீட்டரை ஓம்ஸில் வைத்து மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாக அளங்கள். மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்ட வேண்டும், பொதுவாக ஒரு ஓமுக்குள் இருக்கும். எந்த மஞ்சள் ஒயருக்கும் இன்ஜின் பாடிக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் காயில் எரிந்து எர்த் ஆகிவிட்டது. அப்புறம் கப்ளர் கழன்ற நிலையிலேயே ஸ்டார்ட் செய்து ஏசி வோல்ட் பாருங்கள். ஐடிலில் 15, 20 இருந்து, முறுக்க முறுக்க 50 தாண்டிப் போகும். எண் வண்டிக்கு வண்டி மாறும். மூன்று ஜோடியும் சமமாக ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். அந்த நேரத்தில் பின்னைக் கையால் தொடாதீர்கள், ஷாக் அடிக்கும்.

காயில் சரி, ஆனால் பேட்டரியில் வோல்ட் ஏறவில்லை என்றால் மிச்சம் இரண்டு. கப்ளரைத் திரும்ப மாட்டி, இன்ஜினை 3000 சுற்றில் வைத்து, ரெகுலேட்டரின் பிளஸ் ஒயருக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் துரு அல்லது பியூஸ் பிடியில் லூஸ். மைனஸ் பக்கமும் இதே மாதிரி பாருங்கள். இரண்டும் சுத்தம் என்றால் ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

பழைய ஸ்பிளெண்டர். ஐடிலில் ஹெட்லைட் மங்குகிறது. பேட்டரி மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது.

அப்படியேதான் இருக்கும். அந்தக் காலத்து ஸ்பிளெண்டரில் ஹெட்லைட் காயிலிலிருந்து நேராக எரிகிறது, பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 35 வாட்டுக்கு மேல் பல்பு போட்டிருந்தால் கழற்றுங்கள், டிம்-பிரைட் சுவிட்சைச் சுத்தம் செய்யுங்கள்.

ஐடிலைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக்.

கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே இருந்தால் அந்த அளவுவரை கூட்டலாம். அதற்கு மேல் போனால் பெட்ரோல்தான் வீண், கியரும் தடக்கென்று விழும்.

வோல்ட் எல்லாம் சரி. ஆனால் நான்கைந்து நாள் ஊருக்குப் போய் வந்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது.

ஜிபிஎஸ் டிராக்கரோ அலாரமோ மாட்டியிருக்கிறீர்களா? சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வையுங்கள். சில மில்லி ஆம்பியர் காட்டினால் பரவாயில்லை. 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் போகிறது, 5 ஆம்பியர்-அவர் பேட்டரி நாலு நாளில் காலி. மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃபை அழுத்திவிடாதீர்கள், மீட்டர் பியூஸ் போய்விடும்.

எனக்கு நேர்மாறு. முறுக்கினால் 15.6 வருகிறது. பல்பு அடிக்கடி பியூஸ் ஆகிறது.

இன்றே வண்டியை நிறுத்துங்கள். ரெகுலேட்டர் போய்விட்டது, அல்லது அதன் எர்த் விட்டுவிட்டது. பேட்டரி உப்பியிருந்தாலோ அழுகிய முட்டை வாடை வந்தாலோ பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. அந்தப் பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவும் வேண்டாம்.

ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கிறார்கள். அணையாவிட்டால் சார்ஜிங் நன்றாக இருக்கிறதாம். சரியா?

தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். பேட்டரி இல்லாத அந்த நொடியில் வோல்ட் எகிறும். பிஎஸ்6 வண்டியில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு எரிந்தால் பல பேட்டரி விலை போய்விடும். உங்கள் மீட்டரை அவர் கையில் கொடுத்து, டெர்மினலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.