பங்காளிகளைக் கேட்காமல் வளவை ஏஐக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் கட்டட வடிவமைப்பாளராக இருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளில் பல ஆண்டுகளாக எடுத்த ஏறத்தாழ 4,000 படங்கள் என்னிடம் உள்ளன. அவற்றைக் கொண்டு, முகப்பு, தரை, சுதைவேலை ஆகியவற்றுக்குப் புதிய வடிவங்கள் தரும் ஏஐ ஒன்றைப் பயிற்றுவித்து, இங்குள்ள ஓவியர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் கொடுக்க விரும்புகிறேன். யாரிடம் அனுமதி பெறுவது, எங்கிருந்து தொடங்குவது?

பதில்: படம் வரையும் ஏஐ மாடலை இப்போதைக்கு ஒத்திவைத்துவிட்டு, தேடிப் பார்க்கக்கூடிய படத்தொகுப்பு ஒன்றை முதலில் உருவாக்குங்கள். தொகுப்பில் ஏற்றிய படத்தை, உரியவர் வேண்டாம் என்று சொன்ன அன்றே நீக்கிவிடலாம். மாடலில் அது முடியாது. பயிற்சியின்போது ஒவ்வொரு படமும் மாடலுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாக நகர்த்திவிடுவதால், ஒரு படத்தின் பங்கை மட்டும் பிறகு பிரித்தெடுக்க நம்பகமான வழி இன்று இல்லை; அந்தப் படத்தை விலக்கிவிட்டு மீண்டும் பயிற்றுவிக்கத்தான் வேண்டும். லோரா முறையில் பொது மாடலை மாற்றாமல் சிறிய இணைப்பை மட்டும் பயிற்றுவிப்பதால் அந்தச் செலவு குறையும். ஆனால் அடியில் இருக்கும் பொது மாடல் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். படம் வரையும் பொது மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷனின் தொடக்கப் பதிப்புகள், இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடி படங்களைச் சுட்டும் லயான்-5பி தொகுப்பிலிருந்து எடுத்தவற்றால் பயிற்றுவிக்கப்பட்டவை. அந்தப் படங்களை வரைந்த ஓவியர்களை யாரும் கேட்கவில்லை. இதை உங்களோடு சேரும் ஓவியர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, கட்டடக் கலைப்படைப்பைப் படமெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் கூறுகிறது. அதை மட்டும் நம்பி இறங்கிவிடாதீர்கள். இங்கே ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளிகள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுள் சிலர் சென்னையிலும் சிலர் மலேசியாவிலும் இருக்க, சாவி வைத்திருப்பவர் கதவைத் திறந்துவிட்டார் என்பது சம்மதம் ஆகாது. முகப்பும் திண்ணையும் தெருவில் போகிறவர் எவரும் காணக்கூடியவை. உள்ளே இருக்கும் வளவும் (நடு முற்றப் பகுதி), அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டும் அப்படியல்ல. முன்னோருக்குப் படையலிடும் படைப்பு நடக்கும் இடமும், சுவரில் மாட்டிய முன்னோர் படங்களும் தொகுப்புக்குள் வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேலும், படங்களில் பதிவாகியிருக்கக்கூடிய ஜிபிஎஸ் இருப்பிட விவரத்தை முதல் வேலையாக அழித்துவிடுங்கள். பர்மாத் தேக்குத் தூணும் செதுக்கிய நிலைக்கதவும் பழம்பொருள் சந்தையில் விலைபோகும் ஊர் இது. பூட்டிக் கிடக்கும் வீட்டின் இருப்பிடத்தோடு சேர்ந்த படம், திருட வருகிறவனுக்கு நாமே வரைந்து கொடுத்த வழியாகிவிடும்.

இனி கைவினைஞர்கள். ஆத்தங்குடியில் பூக்கல் எனும் தரைக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். துடைத்த கண்ணாடியின் மீது உலோகத் தகட்டு அச்சை வைத்து, சிமெண்டும் மணலும் சாயமும் கலந்த குழம்பை அறை அறையாகக் கரண்டியால் ஊற்றி, அச்சை நேராகத் தூக்குகிறார்கள். தூக்கும் அந்தக் கணத்தில் நிறங்கள் ஒன்றையொன்று இலேசாகத் தொட்டுக்கொள்கின்றன. பிறகு உலர்ந்த கலவையைத் தூவி, மேலே சாந்து இட்டு மட்டம் செய்து, காயவிட்டுத் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சூளை இல்லை, பூக்கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. படத்தில் இவை எதுவும் தெரிவதில்லை. ஆகவே படங்களை மட்டும் கற்ற மாடல், தகட்டை வளைக்க முடியாத நூலிழைக் கொடிகளை அழகாக வரைந்து தரும். 'இந்த மூலையில் சாயம் இறங்காது' என்று கல் போடுகிறவர் சொல்வதுதான் உங்கள் மாடலுக்குத் தேவையான பாடம். அவர் தள்ளிய வடிவங்களையும் தள்ளிய காரணங்களையும் அவர் சொற்களிலேயே பதிவு செய்யுங்கள்; வேலையை விட்டு வந்து உட்காரும் அந்த நாளுக்கு உரிய கூலியையும் கொடுத்துவிடுங்கள். நன்றியுரையில் பெயர் போட்டுவிட்டு, முடிவுகளை எல்லாம் நீங்களே எடுத்தால் அது சமூகம் நடத்தும் முயற்சி ஆகாது. எந்தப் படம் உள்ளே வரலாம், கருவி யாருக்குப் போகலாம் என்பவற்றில் வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. நியூசிலாந்தின் மாவோரி பழங்குடியினர் நடத்தும் தே ஹிக்கு மீடியா என்ற ஊடக நிறுவனம் 2018இல் மக்களை அழைத்து, பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கும் மேற்பட்ட மாவோரி மொழிக் குரல் பதிவைத் திரட்டியது. அந்தக் குரல்களைப் பெரிய நிறுவனங்களுக்குத் தராமல், தங்கள் சமூகத்துக்குப் பயன்படும்படி மட்டுமே கையாளும் உரிமம் ஒன்றையும் வகுத்துக்கொண்டது. உங்கள் உரிமத்தில் நான் கட்டாயம் சேர்க்கச் சொல்வது ஒன்று: இந்தக் கருவியிலிருந்து வரும் தரை வடிவத்தைக் கையால் போடும் கல்லாகவே செய்விக்க வேண்டும், அச்சிட்ட செராமிக் ஓட்டுக்குக் கொடுக்கக் கூடாது. இந்த வரி இல்லையெனில், பட்டறையில் கற்ற கருவியே அந்தப் பட்டறையின் வேலையைப் பறித்துவிடும் என்ற அச்சம் எனக்கு மெய்யாகவே இருக்கிறது.

உங்கள் 4,000 படங்களில், தெருவிலிருந்து எடுத்த முகப்புகளையும், நேரில் கேட்டுச் சம்மதம் பெற முடிகிற இரண்டு மூன்று பட்டறைகளின் கற்களையும் மட்டும் இப்போது பிரித்தெடுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, கூட்டத்தைப் பட்டறையிலேயே வைத்து, முழுவதையும் வாசித்துக் காட்டி, அவரவர் சம்மதத்தைக் குரலிலும் பதிவு செய்துகொள்ளுங்கள். வளவுப் படங்களைப் பொறுத்தவரை அவசரம் வேண்டாம். திருமணத்துக்கோ படைப்புக்கோ பங்காளிகள் எல்லாரும் ஊருக்கு வரும்போது கேட்டுக்கொள்ளலாம்.