சிக்னலில் நின்றால் அணையும் கார்

கேள்வி: என் 2012 மாடல் பெட்ரோல் கார் சிக்னலில் நின்றால் உதறுகிறது, ஏசி போட்டால் அணைந்தே விடுகிறது. ஓடும்போது குறையே இல்லை. நான்கு பிளக்கும் மாற்றியாயிற்று. இப்போது இன்ஜினைத் தாங்கும் மவுண்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். மவுண்ட் போனால் வண்டி உதறும், ஆனால் அணையாது. உங்கள் வண்டிக்கு மூச்சுத் திணறல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் திராட்டில் பாடியில் மெல்லிய இடைவெளி வழியாகத்தான் காற்று போகும். அங்கே கரி படிந்தால் ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடுவது, தடுமாறும். ஏசி கம்ப்ரசரின் சுமையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு பிளக், பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றியிருந்தார்கள். திராட்டிலைத் திறந்தால் உள்ளே அடைக் கல் மாதிரி கரி! கிளீனர் ஸ்பிரே, பழைய துணி, அரை மணி நேரம். அவ்வளவுதான் வேலை. சுத்தம் செய்தபின் ஸ்கேனரில் ஐடில் செட்டிங்கைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் சில வண்டிகளில் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறியே நிற்கும்.

அப்புறமும் உதறினால், இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் வேக்கம் குழாய்களில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 'உஸ்ஸ்' சத்தம் கேட்கும். அடுத்து இக்னிஷன் காயில். அதுவரை சரிவில் கவனம். இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்கு அது தரும் உதவியும் நின்று, ஒன்றிரண்டு மிதியிலேயே பெடல் கல்லாகிவிடும்.