கதிர்வீச்சுக்குப் பிறகு தாடை எலும்பில் ஆறாத புண்: ஆக்சிஜன் அறை சிகிச்சை கைகொடுக்குமா?

அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள், பிறகு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடம் மாதக்கணக்கில் ஆறாமல் சீழ் வடிகிறது, ஆக்சிஜன் அறை சிகிச்சைக்காக மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து லுமுட்டுக்குப் போகச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் அதற்கு முன் அந்த இடத்தில் சதை எடுத்துச் சோதித்தார்களா என்று கேளுங்கள். ஆறாத புண் என்றால் புற்று திரும்பியிருக்கவும் வாய்ப்புண்டு.

கதிர்வீச்சு பட்ட எலும்பில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கீழ்த்தாடைக்கு ஏற்கெனவே இரத்த ஓட்டம் குறைவு; பெரும்பாலும் இந்த ஆறாத புண் அங்கேதான் வரும். அறைக்குள் ஏறத்தாழ 2.4 மடங்கு காற்றழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போது, அது இரத்த நீரிலேயே கரைந்து போய்ச் சேர்கிறது. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல அது உதவும். புதுக் குழாய்களும் மெல்ல வளரும். செத்த எலும்பு மட்டும் பிழைக்காது. நாக்கு பட்டால் சொரசொரவென்று தட்டுப்படுகிற அந்த மஞ்சள் துண்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அறுவைத் திட்டமே இல்லாமல் அறைக்கு மட்டும் அனுப்பினால், ஏன் என்று கேளுங்கள்.

1983இல் மார்க்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வகுத்த கணக்கில், அறுவைக்கு முன் 30 தடவை, பின் 10 தடவை, ஒவ்வொன்றும் 90 நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றாலே எட்டு வாரம் ஓடிவிடும். தினமும் வண்டியில் அலைவதைவிட லுமுட்டுக்கு அருகே சித்தியவான் பக்கம் உறவுக்காரர் வீட்டில் தங்க வைப்பது மேல். ஆக்சிஜன் அறை சிகிச்சையின் பலன் குறித்து மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை: 2004இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு, பலன் தெரியாததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இரத்த ஓட்டத்துக்கான பென்டாக்ஸிஃபிலின் என்ற மருந்தும் வைட்டமின் ஈயும் சேர்த்துக் கொடுக்கும் வழியும் உண்டு. அதையும் விசாரியுங்கள்.

அதிகம் தொல்லை தருவது காதுதான். அழுத்தம் ஏறும்போது மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதவோ, எச்சில் விழுங்கவோ வேண்டும். சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலித்தால் உடனே கை காட்டச் சொல்லுங்கள், பொறுத்துக்கொண்டால் செவிப்பறை கிழியலாம். நுரையீரல் எக்ஸ்ரே கட்டாயம். இனிப்புநீர் இருந்தால் அறைக்குள் சர்க்கரை இறங்கலாம், வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். பருத்தித் துணி மட்டும். தலைக்கு எண்ணெய், வாசலின், கைப்பேசி, லைட்டர் எதுவும் கூடாது, தீப்பிடிக்கும். வெற்றிலை, புகையிலை, சிகரெட் அறவே வேண்டாம்.

பல தடவை போன பிறகு தூரப் பார்வை மங்கலாம். சிகிச்சை முடிந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் சரியாகும், அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்காதீர்கள்.