ரிப்போர்ட் போகிறது, மகள் போகவில்லை

கேள்வி: என் மகளுக்கு 2019-இல், ஏழு வயதில், முதல் வகை சர்க்கரை நோய் என்று தெரிந்தது. தினமும் நான்கு முறை இன்சுலின் ஊசி. அடுத்த ஆண்டே கொரோனா வந்துவிட்டது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று எல்லோரும் சொன்னதால் அவளை வாசல்படி தாண்ட விடவில்லை. பள்ளிகள் திறந்த பிறகும் ஓராண்டு அனுப்பவில்லை. இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்குப் போகிறாள். ஆனால் எங்காவது காய்ச்சல் பரவுகிறது என்று கேள்விப்பட்டால் உடனே நிறுத்திவிடுவேன். சிகிச்சையில் ஒரு குறையும் வைக்கவில்லை. லேப்பிலிருந்து வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் அப்பா ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, மருந்து எழுதி வாங்கி வந்துவிடுவார். பிரச்சினை அதுவல்ல. அவள் பொய் சொல்கிறாள். சர்க்கரை அளவை எழுதும் நோட்டில் 130, 140 என்றே இருக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ (HbA1c) 10.2 சதவீதம் என்று வந்திருக்கிறது. கேட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தம்பியோடும் பேச்சு இல்லை. இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய பெண் இப்படிப் பொய் சொல்லலாமா? அவளை எப்படித் திருத்துவது?

– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

சகோதரி,

கணவர் ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போய்வருவதை எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘பிரச்சினை அதுவல்ல’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினை அதுதான். உங்கள் மகளை டாக்டர் கடைசியாக நேரில் பார்த்தது எப்போது? கடிதத்தில் தேடிப் பார்த்தேன். எத்தனை ஊசி, எந்தத் தேதி, எந்த எண் என்று எல்லாம் இருக்கிறது. அது மட்டும் இல்லை.

பழக்கம் எப்படித் தொடங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதையொட்டி மருத்துவமனைகள் வழக்கமான பரிசோதனைகளைத் தள்ளிவைத்தன. ‘குழந்தையை அழைத்து வர வேண்டாம், ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுவாருங்கள்’ என்று டாக்டர்களே சொன்னார்கள். அன்றைக்கு உங்கள் கணவர் தனியாகப் போனது சரிதான். தடுப்பூசி இல்லை, நோயின் போக்கு யாருக்கும் பிடிபடவில்லை. அப்போது எனக்கு எழுதிய தாய்மார்களுக்கு நானும் அதையே சொன்னேன். ஆனால் 2023 மே 5 அன்று அதே நிறுவனம் அவசர நிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. உங்கள் மகள் வகுப்பறைக்குப் போகிறாள், நாற்பது பிள்ளைகளோடு உட்காருகிறாள். டாக்டரின் அறைக்கு மட்டும் இன்னும் போகவில்லை. ஏன்? தொற்றுக்குப் பயந்தா? இல்லை. அப்பா போவது எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. அவ்வளவுதான்.

எட்டு வயதில் வீட்டுக்குள் போன குழந்தைக்கு இன்று பதின்மூன்று வயது. உயரம், எடை, உடலின் அமைப்பு எல்லாம் மாறியிருக்கும். பருவமடையும் வயதில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். அதனால் அதே குழந்தைக்கு முன்பைவிட அதிக அளவு தேவைப்படும். இது அவள் செய்யும் தவறல்ல, வளர்ச்சி. டாக்டர் அவளை நிற்க வைத்து உயரம் பார்த்து, எடை பார்த்து, மாதவிடாய் தொடங்கிவிட்டதா என்று அவளிடமே கேட்டு அளவை முடிவு செய்ய வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பதினொரு வயதைக் கடந்து, நோய் வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்ட குழந்தைகளுக்கு விழித்திரையைப் பரிசோதிக்கவும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கவும் தொடங்கிவிட வேண்டும். அவள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். கண்ணை ரிப்போர்ட்டில் வைத்து அனுப்ப முடியாது, சகோதரி.

இன்னொன்று கேட்கிறேன். அவள் எங்கே ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது? வயிற்றிலா, தொடையிலா? தினமும் நான்கு ஊசி என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,460 ஊசி. இடம் மாற்றாமல் ஒரே பக்கத்தில் போட்டுவந்தால் தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்துவிடும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. விரல்களை வைத்து அழுத்தித் தடவினால் ரப்பர்த் துண்டு போலக் கையில் தட்டுப்படும். அந்த இடத்தில் ஊசி அவ்வளவாக வலிக்காது. அதனால்தான் குழந்தைகள் திரும்பத் திரும்ப அங்கேயே குத்திக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே போடும் இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. ஒரு நாள் தாமதமாகும், ஒரு நாள் பாதிதான் சேரும். சொன்ன அளவை ஒழுங்காகப் போட்டும் சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். மூன்று மாதச் சராசரி ஏறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டாக்டரின் விரல்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கும். உங்கள் கணவர் கொண்டுபோன காகிதத்தில் அது எழுதியிருக்காது.

இதைப் படித்துவிட்டு இன்று இரவே ஊசியை வேறு இடத்தில் போடச் சொல்லிவிடாதீர்கள். தடித்த இடத்தில் பழகிய அளவை நல்ல இடத்தில் அப்படியே போட்டால் முழுவதும் சேர்ந்து சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். டாக்டரிடம் காட்டி, அளவைக் குறைத்துக்கொண்டு மாற்ற வேண்டும்.

இப்போது பொய்க்கு வருகிறேன். 10.2 என்றால் அந்த மூன்று மாதமும் சர்க்கரை சராசரியாக 245-ஐ ஒட்டி இருந்திருக்கிறது. நோட்டில் 140 என்று எழுதியது பொய்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் மீட்டரில் 280 வந்த ஒரு நாளில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ‘என்ன தின்றாய்?’ என்பது முதல் கேள்வி. அழுகை, அப்பாவுக்கு போன், மறுநாள் பள்ளிக்கு வேண்டாம் என்ற தீர்ப்பு. இதையெல்லாம் நீங்கள் எழுதவில்லை. ஆனால் எனக்கு வரும் கடிதங்களில் நோட்டில் பொய் எழுதும் பிள்ளை இருக்கிற வீடுகளில் எல்லாம் இதுதான் நடக்கிறது. 280 என்பது அடுத்த வேளை என்ன செய்வது என்று முடிவு செய்வதற்கான ஒரு தகவல். அதைக் குற்றப்பத்திரிகையாகப் படிக்கும் வீட்டில் குழந்தை 140 என்றுதான் எழுதும். அந்த நோட்டை அவள் தனக்காக எழுதவில்லை, உங்கள் முகத்துக்காக எழுதுகிறாள்.

பள்ளியில் மதிய ஊசியைப் போடுகிறாளா என்றும் கேளுங்கள். மற்ற பிள்ளைகள் திரும்பிய பிறகும் ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டு வகுப்புக்குள் போனவள். அதற்குள் கூட்டாளிகள் எல்லாம் சேர்ந்துவிட்டிருப்பார்கள். தனக்கு இந்த நோய் இருக்கிறது என்று புதிதாக யாரிடமும் சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்காது. ஊசியை மறைக்கும் பிள்ளைகள் முதலில் மதிய ஊசியைத்தான் விடுகிறார்கள். கேட்கும்போது மிரட்டாமல் கேளுங்கள். ‘போடவில்லை’ என்று சொன்னால், உண்மை சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு அன்றைக்குப் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

உங்களைப் போன்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ரத்ததான முகாம்கள் நின்றுபோனதால் தலசீமியா குழந்தைக்கு ரத்தம் தேடி அலைந்த தந்தை எழுதினார். கொரோனாவுக்கு மருந்து என்ற நம்பிக்கையில் எல்லோரும் ஹைட்ராக்சிகுளோரோகுயினை வாங்கிக் குவித்ததால், லூபஸ் நோய்க்கு அதைத் தினமும் விழுங்க வேண்டிய சிறுமிக்கு மாத்திரை கிடைக்கவில்லை என்று ஒரு அம்மா எழுதினார். அவர்களுடைய துன்பம் வெளியிலிருந்து வந்தது, அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. உங்கள் விஷயம் வேறு. சிகிச்சை எட்டும் தூரத்தில் இருக்கிறது. பயம்தான் குறுக்கே நிற்கிறது.

அந்தப் பயம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஜெர்மனியில் 2020 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை, முதல் வகை சர்க்கரை நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட குழந்தைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் 44.7 சதவீதம் பேர் ரத்தத்தில் அமிலம் சேர்ந்த ஆபத்தான நிலையில் இருந்தார்கள். முந்தைய ஆண்டு அதே மாதங்களில் அது 24.5 சதவீதம். மருத்துவமனைக்குப் போகப் பயந்து தாமதித்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். கொரோனா தொற்றிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது லேசாகவே வந்து போனது. சர்க்கரை உள்ள குழந்தைகளிலும் கட்டுப்பாடு கெட்டுப்போயிருந்தவர்களுக்குத்தான் கூடுதல் ஆபத்து. நீங்கள் தொற்றிலிருந்து காத்த மகளின் சராசரி இன்று 10.2. டாக்டர்கள் விரும்புவது 7-க்குக் கீழே. அடுத்த பெருந்தொற்று வந்தால் அவளை உண்மையிலேயே காப்பாற்றப்போவது இந்த எண் இறங்குவதுதான். பூட்டிய கதவு அல்ல.

உங்கள் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகள் ஒரு தவணை தவறாமல் போய்வந்த தகப்பனை நான் மதிக்கிறேன். பாதி வழியில் கைவிட்டவர்களைப் பற்றி எத்தனையோ கடிதங்கள் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி இரண்டு ஆண்கள் அவள் இல்லாத அறையில் பேசி முடிவெடுப்பதும், அந்த முடிவை அவள் வீட்டில் உட்கார்ந்து உடம்பில் குத்திக்கொள்வதும் சரியல்ல. (டாக்டர் பெண்ணாக இருந்தாலும் என் கருத்து மாறாது.) அவள் கதவைச் சாத்திக்கொள்வதில் எனக்கு வியப்பே இல்லை. அவளைக் கேட்காமல் எல்லாம் நடக்கிற வீட்டில் அவள் கைக்கு அடங்குவது அந்தக் கதவு ஒன்றுதான்.

பெற்றோரின் கடமை பற்றி என் எண்ணம் இதுதான். நாள்பட்ட நோயுள்ள பிள்ளையைப் பாதுகாப்பது கடமையில் பாதி. அந்த நோயை அவள் கையில் ஒப்படைப்பது மறுபாதி. இந்த நோய் அவளோடு ஆயுள் முழுவதும் வரும். நீங்கள் வரமாட்டீர்கள். இன்னும் ஐந்து ஆண்டில் படிக்க வெளியூர் போவாள். தன் டாக்டரிடம் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டுப் பழகாத பதினெட்டு வயதுப் பெண் அங்கே என்ன செய்வாள்? அவளும் தன் அப்பா வந்து ரிப்போர்ட்டைக் காட்டட்டும் என்று காத்திருப்பாளா?

தம்பியை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். ‘நீ வெளியிலிருந்து நோயைக் கொண்டுவந்தால் அக்காவுக்கு ஆபத்து’ என்று அந்தச் சிறுவனிடம் அந்த நாட்களில் யாராவது சொல்லியிருந்தால், அதை இப்போது அழைத்து உட்கார வைத்துத் திரும்பப் பெறுங்கள். அக்காவின் உயிர் அவன் கையைக் கழுவுவதில் இருக்கிறது என்று நம்பி வளர்ந்த தம்பி, அக்காவிடம் சிரித்துப் பேசப் பழகியிருக்க மாட்டான்.

இனிமேல் காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வந்ததும் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். தவறிய தடுப்பூசி ஏதாவது இருந்தால் போடுங்கள், ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசி உட்பட. அவளுக்கே காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கி வகுப்பாசிரியருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். சாப்பிட முடியாவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது என்பது அதில் முதல் வரியாக இருக்கும். பெரும்பாலான வீடுகளில் தவறாகச் செய்வதும் அதைத்தான். சர்க்கரை ஏறியிருக்கும்போது வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மயக்கம் போன்ற தூக்கம் இவற்றில் எது வந்தாலும் ரிப்போர்ட், லேப், தொலைபேசி என்று நேரத்தைக் கடத்தாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே நேரம் வாங்குங்கள். நீங்களும் அவளும் போங்கள். கணவரும் வர விரும்பினால் வரட்டும், ஆனால் ஃபைல் அவள் கையில் இருக்கட்டும். போவதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்க வேண்டியதை அவளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தாளை நீங்கள் வாங்கிப் படிக்கக் கூடாது. உள்ளே போனதும் டாக்டர் உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் மகளைப் பாருங்கள். அவள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் நடுவில் பேசாதீர்கள். பிறகு, அவளும் டாக்டரும் தனியாகப் பேச வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டு வெளியே வந்து உட்காருங்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியில் துருவித் துருவிக் கேட்காதீர்கள்.