தண்டவாளம் செக் பண்ற ரயில் எப்ப வரும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஆப்ல ட்ராக் பண்ண முடியுமா?

முடியாதுங்க. ஆப்ல தேடி நேரத்தை வீணாக்காதீங்க.

ராமநாதபுரத்துப் பக்கம் உச்சிப்புளி ரயில்வே கேட்டுல நின்னப்ப ஒரு இன்ஜினும் பின்னாடி ரெண்டே ரெண்டு பெட்டியும் போச்சு, பெட்டிக்கு அடியில ஏதோ வெளிச்சம் தெரிஞ்சுது, போன்ல தேடினா அப்படி ஒரு வண்டியே இல்லைங்குதுன்னு கேள்விக்குக் கீழ எழுதியிருக்கீங்க. நம்ம பக்கத்து ஆளுதான்னு புரியுது. ரயில் மேல புதுசா ஆர்வம் வந்தவரா இருப்பீங்க, வீட்டுல "வேலையத்தவன் பாக்குற சோலி"ன்னு திட்டும் வாங்கிட்டு இருப்பீங்க. அதைக் காதுல வாங்காதீங்க. நான் மண்டபம் ஊர்ல வளர்ந்தவன், எங்கப்பா இந்த லைன்ல தினம் தண்டவாளத்தை நடந்தே செக் பண்ற கீமேனா இருந்து ரிட்டையர் ஆனவரு, அதனால இந்தக் கேள்வியைப் பாத்துட்டு சும்மா தாண்டிப் போக முடியல.

முதல்ல ஆப் விஷயம். வேர் இஸ் மை ட்ரெயின் மாதிரி ஆப்புக்கு டைம்டேபிள்ல இருக்கற வண்டி நம்பர் வேணும், வண்டிக்குள்ள உக்காந்திருக்கற ஜனங்களோட போன் சிக்னல் வேணும். ரயில்வே தன்னோட வேலைக்குன்னு ஓட்டுற வண்டியில பயணிகளே கிடையாது, பொது டைம்டேபிள்லயும் வராது, அப்புறம் எங்கிட்டு இருந்து காட்டும்?

நீங்க பாத்தது டிராக் ரெக்கார்டிங் காரா இருக்கும், லைன்ல டி.ஆர்.சி.ன்னு சொல்லுவாங்க. லக்னோவுல ஆர்.டி.எஸ்.ஓ.ன்னு ரயில்வேயோட ஆராய்ச்சி அமைப்பு இருக்கு, அவங்க வண்டி. அடியில தெரிஞ்ச வெளிச்சம் லேசரும் கேமராவும் இருக்கற இடம். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1676 மில்லிமீட்டர் இருக்கணும், அது எங்க விரியுது எங்க சுருங்குது, ஒரு பக்கம் தாழ்ந்திருக்கா, முறுக்கு விழுந்திருக்கா, நேர்க்கோடு விலகியிருக்கா எல்லாத்தையும் ஓடிக்கிட்டே அளந்து, எந்தக் கிலோமீட்டர்ல எத்தனாவது மீட்டர்ல கோளாறுன்னு லிஸ்ட் போட்டுக் குடுத்துரும். சும்மா வேடிக்கை பாக்க வர்ற வண்டி இல்ல அது.

ஆனா சின்னதா போற வண்டி எல்லாமே டி.ஆர்.சி.ன்னு எழுதிறாதீங்க, இதுல நிறைய பேர் குழம்புறாங்க. மஞ்சக் கலர்ல நீளமா இரைச்சலா போறது பெரும்பாலும் டேம்பிங் மெஷின், அது செக் பண்ண வர்றதில்ல, தண்டவாளத்துக்குக் குறுக்க கிடக்கற ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில ஜல்லியை இடிச்சு இறுக்க வர்றது. கடைசிப் பெட்டியில பின்பக்கம் பூரா கண்ணாடியா இருந்து உள்ள ஆபீசருங்க உக்காந்து பின்னால ஓடுற தண்டவாளத்தையே பாத்துட்டு வந்தா அது வின்டோ ட்ரெய்லிங் இன்ஸ்பெக்ஷன். சில சமயம் நாம போற எக்ஸ்பிரஸ்லயே ஒருத்தர் பெட்டித் தரையில சின்னதா ஒரு டப்பாவை வச்சு லேப்டாப்போட உக்காந்திருப்பாரு, அது ஓ.எம்.எஸ்., வண்டி எவ்வளவு குலுங்குதுன்னு எடுக்கறது. பக்கத்து சீட்டுல செக்கிங் நடக்கறது தெரியாம நாம வடை தின்னுட்டு வந்திருப்போம்.

இன்னொண்ணு இருக்கு, அதை ரயில்னே யாரும் மதிக்கறதில்ல. ஒரு சின்ன தள்ளுவண்டி, ஒருத்தர் தள்ளிட்டு வருவாரு, இன்னொருத்தர் ஸ்கிரீனைப் பாத்துட்டே நடப்பாரு, தண்டவாளத்து மேல தண்ணி சொட்டிக்கிட்டே வரும். அல்ட்ராசோனிக் டெஸ்ட். அந்த ஒலி இரும்புக்குள்ள இறங்கறதுக்குத்தான் தண்ணி. வெளிய ஒண்ணுமே தெரியாத விரிசலை அதுதான் உள்ள பாத்துச் சொல்லும். அடுத்த தடவை பிளாட்பாரத்துல நிக்கும்போது தண்டவாளத்தோட இடுப்புப் பக்கம் பாருங்க, சிவப்பு பெயின்ட்ல ஒரு பெருக்கல் குறி இருந்தா அதை கவனிச்சுட்டே இருக்காங்கன்னு அர்த்தம், மூணு பெருக்கல் குறி இருந்தா அந்தத் துண்டை உடனே மாத்தியாகணும்னு அர்த்தம். இதெல்லாம் எங்கப்பா கையைப் புடிச்சுக் காட்டித் தெரிஞ்சதுதான், நான் எந்த இன்ஜினியரிங்கும் படிக்கல, படிச்சவங்க வந்து "இது முழுசா இல்ல"ன்னா சரிதான், ஆனா தப்பா எதுவும் சொல்லல.

எங்கப்பாவைப் பத்தி சொல்லியே ஆகணும். வாலாந்தரவைக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல அவரு பீட், அதாவது அவரு நடந்து பாக்குற பகுதி, இருந்துச்சு. வெள்ளன கிளம்பி சுத்தியல், ஸ்பானர், கொடி, ஆபத்துன்னா வண்டியை எச்சரிக்க தண்டவாளத்துல வைக்கிற டெட்டனேட்டர் எல்லாம் தூக்கிட்டு ஒரு பக்கமா நடந்து போயி மறு பக்கம் பாத்துக்கிட்டே திரும்பி வருவாரு. நம்ம கடற்கரைக் காத்து இருக்கே, உப்பு, அது இரும்பை என்ன பாடு படுத்தும்னு இங்கிட்டு இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். தண்டவாளத்தைக் கட்டையோட புடிச்சு வைக்கிற கிளிப்பை எடுத்துட்டு, அதுக்கு அடியில லைனர்ங்கற துண்டு உக்கார்ற இடத்துல தண்டவாளத்தோட அடிப்பாதத்தை சுரண்டிக் காட்டுவாரு, துரு அப்பளம் மாதிரி ஏடு ஏடா பெயர்ந்து வரும். மேல பாத்தா தண்டவாளம் பளபளன்னு இருக்கும், அடியில அந்த ஒரு இடம் மட்டும் தின்னு போயிருக்கும். அதுக்குத்தான் கிளிப்புக்கெல்லாம் கிரீஸ் வைக்கிறது, பெயின்ட் அடிக்கிறது.

ஒரு சின்ன ஓடைப் பாலம் தாண்டி ஒரு இடம், ஐப்பசி கார்த்திகையில ரெண்டு பக்கமும் தண்ணி நிக்கும். அங்க ஒரு பக்கம் இறங்குதுன்னு அப்பா சொல்லிட்டே இருந்தாரு. கட்டை ஓரத்துல ஜல்லி வெள்ளையா மாவு பூத்திருந்துச்சு, வண்டி போகையில கட்டை ஆடி ஆடி கல்லோட உரசுனா அப்படித்தான் பூக்கும். என்னையும் கூட்டிட்டுப் போயி சுத்தியலால தட்டிக் காட்டுனாரு, மத்த கட்டையில கணீர்னு வர்ற சத்தம் அங்க மட்டும் பொத்துன்னு வந்துச்சு. கேங்குல, அதாவது லைன் வேலை பாக்குற குழுவுல, ஆள் பத்தாத நேரம், வேற பக்கம் அவசர வேலை ஓடிக்கிட்டிருந்துச்சு, இவரும் கொஞ்ச பேரும் கையால ஜல்லியை இறுக்கி பேக்கிங் போடுவாங்க, மழை பெஞ்சா திரும்ப இறங்கிரும்.

அந்த சமயத்துலதான் டி.ஆர்.சி. வந்துச்சு. நான் ஸ்டேஷன்ல நின்னு பாத்தேன், அப்பா தன்னோட பீட்ல பச்சைக் கொடியோட ஒதுங்கி நின்னாரு. அப்புறம் லிஸ்ட் வந்தப்ப அதே பாலம், அதே இடம், ட்விஸ்ட்னு, அதாவது முறுக்குன்னு வந்திருந்துச்சு. மறுநாள் அவரோட மேலதிகாரி எல்லாரும் இருக்கும்போதே "அன்னைக்கே நீங்க சொன்ன இடந்தாண்ணே இது"ன்னாராம். கொஞ்ச நாள்ல மெஷின் வந்து ஒழுங்கா இறுக்கிட்டுப் போச்சு. அதை வீட்டுல வந்து சொல்லும்போது அப்பா மூஞ்சியில இருந்த சந்தோஷத்தை நான் பாத்தேன், அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதிட்டு இருக்கேன். கோடிக்கணக்குல விலை உள்ள மெஷின் சொன்னதை எங்கப்பா காலாலயும் காதாலயும் முன்னாடியே சொல்லிட்டாரு.

இதை எழுதுனா ரெண்டு பேரு வருவாங்கன்னு தெரியும். ஒருத்தரு ரயில்வேக்காரன் மகன், ரயில்வேக்கு சொம்பு தூக்குறான்னுவாரு, இன்னொருத்தரு மெஷின் வேண்டாங்கறியான்னு கேப்பாரு. ரெண்டும் இல்ல. எங்கப்பாவே டி.ஆர்.சி.யை மதிச்சவருதான், மில்லிமீட்டர் கணக்கு கண்ணுக்குத் தெரியாதுன்னு அவரே சொல்லுவாரு. ஆனா அந்த வண்டி எப்பயாச்சும் வர்றது, கீமேன் தினம் வர்றாரு. வண்டியை போட்டோ புடிக்க நூறு பேரு ஓடுறோம், தினம் நடக்கறவரை யாரு ஏறெடுத்துப் பாக்குறோம்?

எங்கக்காவுக்கு மாப்பிள்ளை பாத்தப்ப நடந்ததைச் சொல்றேன், இது கேள்விக்கு சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் மனசுல கிடக்கு. ஒரு வீட்டுக்காரங்க வந்து உக்காந்து "ரயில்வேயாமே"ன்னு வாயெல்லாம் பல்லா பேசிட்டு இருந்தாங்க, என்ன வேலைன்னு கேட்டதும் அப்பா நிமிர்ந்து உக்காந்து கீமேன்னு சொன்னாரு, "ஓ, லைன்ல கூலி வேலையா"ன்னு அந்தம்மா கேட்டுச்சு. காபியை பாதியில வச்சுட்டுப் போயிட்டாங்க. அவங்க வந்த வண்டி எங்கப்பா பாத்த தண்டவாளத்து மேலதான் வந்துச்சு, திரும்பிப் போனதும் அதுலதான். எங்கக்கா நல்லபடியா வேற இடத்துல வாழுறா, அது வேற விஷயம். ஆனா அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஆப் இல்லாம எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னா, லைனைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம். செக்கிங் வரப்போகுதுன்னா அதுக்கு முன்னாடி கேங் சுறுசுறுப்பாயிரும், இடம் இடமா பேக்கிங் நடக்கும், ஜல்லியை ஓரம் கட்டி அழகா ஒதுக்குவாங்க, கிலோமீட்டர் கல்லு எல்லாம் புது பெயின்ட்ல நிக்கும். பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்ஷன்னா ஸ்டேஷன் சுவரும் வெள்ளை அடிச்சிருக்கும். இதுக்காக கேட்கீப்பர்கிட்டயோ ஸ்டேஷன் மாஸ்டர்கிட்டயோ போயி "எப்ப வரும்"னு நச்சரிக்காதீங்க, அவங்க டூட்டியில இருக்காங்க, சொல்லி அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாம போயி நிக்கப் போறதில்ல.

ஒரே ஒரு வகை மட்டும் முன்கூட்டியே பேப்பர்லயே வரும், புதுப் பாதையை செக் பண்ணி அனுமதி குடுக்கற ரயில்வே பாதுகாப்பு ஆணையரோட ஸ்பீடு ட்ரையல். சி.ஆர்.எஸ்.ம்பாங்க. அவரு ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழ வர்றவரு இல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழ வர்றவரு, அதனாலதான் ரயில்வே போட்ட பாதையை ரயில்வேகாரங்களே சரின்னு சொல்லிக்க முடியாது. அன்னைக்கு இத்தனை மணிக்கு வேகமா வண்டி ஓடும், தண்டவாளத்தைக் கடக்காதீங்கன்னு முன்னாடியே அறிவிப்பு குடுத்துருவாங்க. 2024 நவம்பர்ல புதுப் பாம்பன் பாலத்துல அப்படித்தான் நடந்துச்சு. 1914ல திறந்த பழைய பாலத்துல அப்பல்லாம் வண்டி ஊர்ந்துதான் போகும், காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டுனா அதுவும் நிறுத்திருவாங்க. அதைப் பாத்தே வளர்ந்த எங்களுக்கு அந்த ட்ரையல்ல வண்டி கடல் மேல அவ்வளவு வேகமா போனதைப் பாத்தப்ப நெஞ்சு அடைச்சுருச்சு. அப்புறம் பாலத்துல 75 கிலோமீட்டர் வேகத்துக்கும், ஒசக்க தூக்குற அந்த 72.5 மீட்டர் பகுதியில மட்டும் 50க்கும் அனுமதி குடுத்தாங்க. குறைகளையும் எழுதித்தான் குடுத்தாங்க. அதுக்கு இங்க சில பேரு பாலமே சரியில்லன்னு வதந்தி கிளப்புனாங்க. குறை எழுதலன்னாத்தாங்க பயப்படணும். 2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயிலை நிறுத்தி 2025 ஏப்ரல் 6ல புதுப் பாலம் திறக்கற வரைக்கும் மண்டபத்துல இறங்கி மூட்டை முடிச்சோட பஸ்ஸுக்கு நின்ன ஜனங்களுக்குத் தெரியும், செக் பண்ணி நிறுத்துனதோட அருமையும் கஷ்டமும்.

பாக்க எங்க நிக்கிறதுன்னா, உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் எந்த ஸ்டேஷன்னாலும் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துட்டு மஞ்சக் கோட்டைத் தாண்டாம நில்லுங்க, இல்லாட்டி கேட்டுக்கு வெளிய. தண்டவாளத்துல இறங்காதீங்க, ரயில்வே சட்டம் 147வது பிரிவுல அத்துமீறி நுழைஞ்சா ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ஆயிரம் ரூபா வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் போடலாம். தேதி, நேரம், ஸ்டேஷன், எந்தப் பக்கம் போச்சு, பெட்டி மேல என்ன எழுதியிருந்துச்சு இதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைங்க, பாதைக்குத் தக்கன இத்தனை மாசத்துக்கு ஒருதரம்னு அளக்க வரும், உங்க நோட்டுலயே கொஞ்ச வருஷத்துல ஒரு கணக்கு புடிபடும். உச்சிப்புளி பக்கம் ட்ரோன் மட்டும் பறக்க விட்டுறாதீங்க, பக்கத்துலயே ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமான தளம் இருக்கு.